மூணு விரல் நுழையுமா?

சாப்பிடும்போது எனக்குள்ளிருந்து சத்தம் வருகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. "அப்பளமே இன்னிக்குப் பொரிக்கலையே, என்னத்தைங்க நொறுக்குறீங்க?" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது தயிர் சாதம்.

காதுக்கு முன்னால் விரலை வைத்துப் பார்த்தேன். வாயைத் திறந்தால் ஒரு 'டக்'. மூடினால் இன்னொரு 'டக்'. ரயில் தண்டவாளம் மாறுகிற மாதிரி. சோழவந்தானில் ஸ்டேஷன் பக்கம் குடியிருக்கிறவனுக்கு அந்தச் சத்தத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் ஆறு வயசு மகள் என் கன்னத்தில் காதை ஒட்டி வைத்து, "இன்னொரு தடவை பண்ணுப்பா" என்றாள். ரெண்டு நாள் அவளுக்கு நான்தான் டி.வி.

மூன்றாம் நாள் வலி வந்தது. இட்லியை வாய்க்குள் படுக்கை வசமாகத்தான் தள்ள முடிந்தது.

இப்போது ஒரு கேள்வி. முழங்கால் வலித்தால் எலும்பு டாக்டர். கண் வலித்தால் கண் டாக்டர். தாடை வலித்தால்? வலி காதுப் பக்கம் என்பதால் காது டாக்டரிடம் போனேன். காதில் டார்ச் அடித்துப் பார்த்து, "காது கண்ணாடி மாதிரி இருக்கு, பல்லைப் பாருங்க" என்றார். 400 ரூபாய். எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் 600. "பல்லெல்லாம் நல்லா இருக்கு, மூட்டைப் பாருங்க" என்றார்கள். மூட்டைப் பார்க்க மதுரையில் ஒரு பெரிய கிளினிக். கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., மீன் தொட்டி. மீன் தொட்டியைப் பார்த்ததுமே நான் திரும்பியிருக்க வேண்டும். மீனுக்கு யார் தீனி போடுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கன்ஸல்ட்டிங் 800. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 7,500. மாத்திரை 950. ஸ்கேனைத் தூக்கிப் பிடித்த டாக்டர், "உங்க கடியே கோணல். பல்லையெல்லாம் இழைச்சு, கேப் போட்டு, கடியை மாத்தணும். 1,60,000 ஆகும். இ.எம்.ஐ. வசதி உண்டு" என்றார். முப்பத்தி நாலு வருஷமாக இந்தக் கோணல் கடியை வைத்துக்கொண்டு கரும்பு கடித்தவன் நான். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். 'டக்' என்றது. டாக்டர் 'பார்த்தீர்களா' என்பது போல நர்ஸைப் பார்த்தார்.

நான் பி.காம். கணக்கு பார்க்காமல் இருக்க முடியாது. வங்கியில் மகள் படிப்புக்கென்று போட்டிருந்த ஃபிக்ஸட் டெபாசிட் கிட்டத்தட்ட அதே தொகை. உடைத்தால் வட்டி போகும். உடைக்காவிட்டால் தாடை போகும். மெடிக்ளெய்ம் எடுத்துக் கொடுத்த நண்பருக்குப் போன் போட்டேன். "பெட்ல படுத்தாதான் சார் க்ளெய்ம். உக்காந்துக்கிட்டு வாயைத் திறக்கிறதுக்கெல்லாம் கிடையாது. அதுவும் பல் சமாச்சாரம்னா ஆக்ஸிடென்ட் ஆயிருக்கணும்" என்றார். ஏதாவது ஆக்ஸிடென்ட் உண்டா என்று ஆவலாகவும் கேட்டார். இல்லையே என்று எனக்கே ஒரு கணம் வருத்தமாகிவிட்டது.

ரெண்டு ராத்திரி தூங்காமல் படித்தேன். காதுக்கும் தாடைக்கும் வரும் இந்த வலியைக் கடிக் கோளாறோடு முடிச்சுப் போட்டுப் பிரபலமாக்கியவர் காஸ்டன் என்கிற அமெரிக்கக் காது டாக்டர். வருஷம் 1934. அன்றைக்கு ஆரம்பித்தது பல் இழைப்பு. 1980-களில் அதே அமெரிக்காவில் மூட்டுக்குள் டெஃப்லான் கலந்த வட்டு வைத்துப் பார்த்தார்கள். தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கிறதே, அதே டெஃப்லான். மெல்லுகிற வேகத்தில் அது துகள் துகளாக உதிர்ந்து பலருக்கு எலும்பையே அரித்துவிட, 1990-91ல் அரசாங்கமே தலையிட்டுத் திரும்பப் பெற வைத்தது. தோசைக்கல் தேய்ந்தால் கடையில் மாற்றிக்கொள்ளலாம். இவர்கள் எங்கே போவார்கள்?

மூன்றாம் நாள், டெபாசிட் ரசீதைப் பையில் வைத்துக்கொண்டே, எங்கள் ஊர் பல் டாக்டரம்மாவிடம் போனேன். மீன் தொட்டி கிடையாது. ஒரு காலண்டர், ஒரு ஸ்டூல். ஸ்கேனைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"வட்டு கொஞ்சம் முன்னால நகர்ந்திருக்கு. வலியே இல்லாத பல பேருக்கு ஸ்கேன் எடுத்தாலும் இப்படித்தான் சார் இருக்கும். வாயைத் திறக்கும்போது எலும்பு அது மேல ஏறுது. அந்தச் சத்தம்தான் 'டக்'. வலியில்லாத சத்தத்துக்கு வைத்தியமே வேண்டாம். உங்களுக்கு வலி தசையிலே. வேலை பார்க்கும்போது பல்லைக் கடிப்பீங்களா?"

கட்டுரை அனுப்ப வேண்டிய நாளில் நான் பல்லை மட்டுமா கடிக்கிறேன்!

தாடை மூட்டு ரெண்டு. ஆனால் எலும்பு ஒன்று. வலது பக்கம் அசைந்தால் இடது பக்கமும் அசைந்தே ஆக வேண்டும். எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால் இது ஜாயின்ட் அக்கவுன்ட். 'இருவரில் ஒருவர்' என்கிற சௌகரியம் கிடையாது, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் செக் பாஸாகும். ஒரு பக்கமாகவே மென்று, கன்னத்தில் கை வைத்துக்கொண்டே யோசித்து (இந்தப் பக்கத்தில் வரும் என் போட்டோவைப் பாருங்கள்) ஒருத்தரை மட்டும் வேலை வாங்கியிருக்கிறேன்.

வைத்தியம் என்ன? குழைந்த சாதம். வெந்நீர்த் துணி ஒத்தடம். பபிள்கம் கூடாது. கொட்டாவி வந்தால் தாடைக்குக் கீழே கையைக் கொடுக்க வேண்டும். சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்கலாம், பல்லோடு பல் ஒட்டக்கூடாது. சில பயிற்சிகள். "ஆறு வாரம் பண்ணுங்க. குறையலைன்னா ராத்திரி போட்டுக்க ஒரு தகடு யோசிக்கலாம். பல்லை இழைச்சா திரும்ப வராது, அதை மட்டும் யாருக்கும் கொடுத்துடாதீங்க." ஃபீஸ் 200.

ஆறின தாடைக்கு ஆதாரமா என்று கேட்பீர்கள். 2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல், நாள்பட்ட தாடை வலிக்கு எது நல்லது என்று ஒரு வழிகாட்டி போட்டது. பயிற்சி, கையால் நீவிவிடுகிற பிசியோதெரபி, மனசைத் தளர்த்துகிற ஆலோசனை எல்லாம் முதல் வரிசையில். மூட்டு வட்டை அறுத்தெடுப்பது 'வேண்டவே வேண்டாம்' வரிசையில். டாக்டரம்மாவின் ஸ்டூலும் லண்டனும் ஏறக்குறைய ஒரே கட்சி.

கிளம்பும்போது அவர் சொன்னதுதான் விஷயம். "வாய் எவ்வளவு திறக்குதுன்னு தினம் பாருங்க. உங்க விரல் மூணு, ஒண்ணு மேல ஒண்ணா நுழையணும்."

வீட்டில் போய்ச் செய்து காட்டினேன். மகளுக்கு உடனே தொற்றிக்கொண்டது. அவள் விரல் அவளுக்கு மூணு. மனைவிக்கு மூணு. ("ஏன் நாலு நுழையலை?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது.) பிறகு, "அப்பத்தா, ஆ காட்டு" என்று அம்மாவிடம் ஓடினாள்.

அம்மாவுக்கு ஒன்றரை விரல்தான் நுழைந்தது.

எல்லோரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்தாள். "வயசாச்சில்லடி" என்றாள். அப்புறம் நான் மட்டும் சிரிப்பை நிறுத்தினேன்.

ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடக்கிறது. "இவ குழம்புல மொளகாயை அள்ளிக் கொட்டுறா, வாயெல்லாம் எரியுது" என்பது அம்மாவின் மனு. "அத்தை, அதே ரெண்டு ஸ்பூன்தான்" என்பது மறுதரப்பு. தீர்ப்பு சொல்ல பயந்து நான் எப்போதும் வாய்தாதான். கடைசியில் மனைவி சத்தம் போடாமல் அம்மாவுக்குத் தனிக் குழம்பு வைக்க ஆரம்பித்தாள். அதுவும் எரிந்தது. மிளகாய் மேல் தப்பில்லை.

அம்மா முப்பது வருஷமாக வெற்றிலை போடுகிறவள். இந்த ஊரில் பிறந்து போடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். வைகைத் தண்ணீரில் கொடிக்கால். 2023ல் சோழவந்தான் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அம்மா அன்றைக்கு ரெண்டு கவுளி வாங்கினாள். இலை மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை. கூடப் போகிற பாக்குதான் வில்லன். வருஷக்கணக்கில் கன்னத்தில் ஒதுக்கினால் உள்தோல் நார் நாராக இறுகி, காரம் எரியும், வாய் சுருங்கும். புகையிலை சேர்க்காவிட்டாலும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-லேயே பாக்கைப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டது.

டாக்டரம்மா அம்மாவின் கன்னத்தை உள்ளே தடவிப் பார்த்தார். என்னிடம் பேசிய மாதிரி நிறையப் பேசவில்லை. "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு சின்னத் துண்டு எடுத்து டெஸ்ட் பண்ணட்டும்" என்றார்.

மதுரைக்கு ரயிலில் போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மா கொடிக்கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் காசு வாங்கவில்லை. செலவு டிக்கெட்டும் ரெண்டு டீயும். என் 'டக்'குக்கு 10,450 ரூபாய் ஆகியிருந்ததை நான் அவளிடம் சொல்லவில்லை.

ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் ரேஷன் கார்டு, ஆதார், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு பீரோ மேல்தட்டில் வைத்தேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் பாக்குவெட்டியைத் துடைத்துக் கவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது அவள் அம்மா கொடுத்தது.

ரிசல்ட் வந்தது. கான்ஸர் இல்லை. இறுகின தோல் முழுசாகத் திரும்பாது, பாக்கு அறவே கூடாது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். நான் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இப்போது சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மாவும் பிள்ளையும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வாயைத் திறந்து மூடுகிறோம். தெருவில் போகிறவர்கள் சண்டை என்று நினைத்து ஒரு நிமிஷம் நிற்கிறார்கள். என் வலி போய்விட்டது. 'டக்' இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அம்மாவுக்கு ஐஸ் குச்சிப் பயிற்சி. பல்லுக்கு நடுவே குச்சிகளை அடுக்கி, வாரம் ஒரு குச்சி கூட்டப் பார்க்க வேண்டும். பன்னிரண்டில் ஆரம்பித்தது, இப்போது பதினஞ்சு. குச்சி சப்ளை என் மகள். தினம் ஒரு ஐஸ் சாப்பிட்டால்தான் குச்சி கிடைக்கும் என்பது அவள் வாதம். நேற்று பதினாறாவது குச்சிக்கு அம்மாவே முந்தானையிலிருந்து பத்து ரூபாய் எடுத்துக் கொடுத்தாள்.