இதயத்துக்கு நாலு அறைன்னு தெரியுது, நெஞ்சை அமுக்கத் தெரியல

சாரல் அடிச்சா ஊரே குற்றாலத்துக்குச் சந்தோசமா வருது. எனக்கு மட்டும் 2024 மே 17 ஞாபகம் வந்துரும். அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர்னு வெள்ளம் இறங்கி, திருநெல்வேலியில இருந்து குளிக்க வந்த 17 வயசுப் பையனை அடிச்சுட்டுப் போயிருச்சு. ரெண்டு நாள் எல்லாரும் பேசுனாங்க. அருவியில குளிக்கத் தடை போட்டாங்க. பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் குடுக்கணும்னு ஒருத்தரும் பேசி நான் கேக்கல.

தண்ணி திடீர்னு கலங்குனா, சருகும் குச்சியும் சேந்து வந்தா, இரைச்சல் கூடுனா, துண்டை எடுக்கக்கூட நிக்காம மேட்டுக்கு ஏறணும். இது எங்க அப்பா எனக்குச் சொன்னது. டவுன் பிள்ளைக்கு யாரு சொல்லுவா?

நானும் யோக்கியன் இல்ல. பல வருசத்துக்கு முந்தி பக்கத்து வயக்காட்டுக் கிணத்துல விழுந்த பையனை வெளிய எடுத்தோம். தோள்ல போட்டுச் சுத்துனோம். வயித்தை அமுக்குனோம். தண்ணி வந்துச்சு, மூச்சு வரல. மல்லாக்கப் படுக்கவச்சு, மூச்சு இல்லேன்னா வாயில ஊதி, நடு நெஞ்சை அமுக்கணும்னு பின்னாடிதான் தெரிஞ்சுது. செஞ்சிருந்தா பொழச்சிருப்பானான்னு எனக்குத் தெரியாது. ஆனா செய்யக்கூடாததைச் செஞ்ச கை இது.

அன்னைக்குச் சுத்தி நின்னவங்கள்ல காலேஜ் படிச்சவனும் உண்டு. இதயத்துக்கு நாலு அறைன்னு பரிச்சையில எழுதுனவன்தான். 30 தடவை அமுக்கி 2 தடவை ஊதணும், நிமிசத்துக்கு 100லேருந்து 120 வேகத்துல அமுக்கணும்னு அவனுக்கு யாரும் சொல்லல. நீச்சல் தெரியாதவன் குதிக்கக்கூடாது, கயித்தையோ வேட்டியையோ வீசணும்னும் சொல்லல. அதனாலதான் ஒருத்தனைக் காப்பாத்தப் போயி ரெண்டு பேரு சாகுறாங்க.

"108 வரும்லா அண்ணாச்சி"ம்பாங்க. வரும், நான் இல்லேங்கல. மூச்சு நின்னா நாலஞ்சு நிமிசத்துல மூளை சாக ஆரம்பிச்சுரும். தென்காசியில இருந்து எங்க வரப்புக்கு வண்டி வர அது போதுமா? குளத்துல முங்குற பிள்ளைக்குப் பக்கத்துல நிக்கது டாக்டர் இல்ல, இன்னொரு பிள்ளைதான்.

"சின்னப் பிள்ளை கையில பலம் பத்தாது"ன்னு இன்னொரு பேச்சு. பத்தாட்டி என்ன? எங்க அமுக்கணும்னு பக்கத்துல நிக்க பெரியாளுக்குச் சொல்லுமே! நார்வேயில 1961லயே இதைப் பள்ளிக்கூடத்துல கொண்டுவந்துட்டான். 12 வயசுலேருந்து வருசத்துக்கு 2 மணி நேரம் சொல்லிக் குடுங்கங்கற திட்டத்துக்கு உலக சுகாதார நிறுவனமே 2015ல ஆதரவு குடுத்துருக்கு. ரெண்டே மணி நேரம்! ஆண்டு விழா டான்சுக்கு எத்தனை நாள் ஒத்திகை பாக்கோம்?

பள்ளி மேலாண்மைக் குழுவுல முக்கால்வாசிப் பேரு பெத்தவங்கதான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது. அடுத்த கூட்டத்துல சுவருக்குப் பெயிண்டு அடிக்கக் கேக்கதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க. எங்க ஊருல நான் கேக்கப் போறேன். பிள்ளைகளோட உக்காந்து நானும் படிக்கப் போறேன்.