பெண்ணுக்கு மட்டும் ஸபுரா?

மாதவிடாய் நிற்கும் பருவத்தில் இரவெல்லாம் வியர்த்து, உறக்கமிழந்து, ரக்அத் எண்ணிக்கையே தடுமாறும் நம் வீட்டுப் பெண்களுக்கு நாம் கூறுவது ஒன்றே: "ஸபுர் செய்." அதே வீட்டு ஆண்கள் இரத்த அழுத்தத்திற்கு வேளை தவறாது மாத்திரை உட்கொள்கின்றனர், அதனை எவரும் பொறுமையின்மை என்பதில்லை. மருந்து தேடச் சொன்ன மார்க்கம் ஆணுக்கு மட்டுமா சொன்னது?

ஹார்மோன் சிகிச்சை என்றாலே புற்றுநோய் என்று அஞ்சுகின்றோம். 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட அமெரிக்க ஆய்வினால் பரவிய அச்சம் அது. அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63 என்பதை யார் எடுத்துரைத்தார்? கூட்டு மருந்தை நெடுங்காலம் உட்கொண்டால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடுவது மெய்யே. அந்நோய் கண்டவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாக ஆகாது. எனினும் 60 வயதுக்குள், மாதவிடாய் நின்ற 10 ஆண்டுகளுக்குள் தொடங்குவோரில் பெரும்பாலோர்க்கு நன்மையே மிகுதி என்கிறது இன்றைய மருத்துவம். தீர்மானிக்க வேண்டியவர்கள் அப்பெண்ணும் மருத்துவரும், மாமியார் அல்லர்.

ஹலால் ஐயமா? குதிரையின் சிறுநீரிலிருந்து எடுக்கும் வகை உண்டுதான். தாவர மூலத்திலிருந்து ஆக்கிய எஸ்ட்ரடையால், தோலில் பூசும் ஜெல்லாகவே கிடைக்கின்றதே!

தொடக்கத்தில் மார்பு நோவும் உதிரக் கசிவும் கண்டு கலங்கி, பின்னர் உறக்கம் மீண்ட சகோதரியர் நம்மிடையே உள்ளனர். மருந்துச் சீட்டைத்தான் இன்னமும் அரிசிப் பானைக்கடியில் ஒளித்து வைத்திருக்கின்றனர்.