துவிச்சக்கர வண்டியும் தீவகத்துச் சாலையும்

யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்பட்டு, பண்ணைத் தாம்போதியைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறை அடைந்து, அங்கே ஜனங்கள் ‘பாதை’ என்று வழங்கும் மிதவையில் வண்டியோடு ஏறிக் காரைநகர் சேர்ந்து, பொன்னாலைப் பாலத்தின்மீது திரும்பி, வட்டுக்கோட்டை, அராலி மார்க்கமாக மறுபடி நகரை எட்டும் சாலை 40 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்டது. இதில் ஏறவேண்டிய மேடு ஒன்றேனும் இல்லை. விலையுயர்ந்த வண்டியும் வேண்டுவதில்லை. காற்றடித்த இரண்டு சக்கரமும் ஒரு காலைப் பொழுதும் உடையவர் எவரும் இதைச் சுற்றி வரலாம். இச்சாலையில் துவிச்சக்கர வண்டிக்கு உரிய இடத்தைக் காக்கவேண்டியதன் அவசியத்தை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பொழுதுபோக்கைப் பற்றிப் பத்திரிகையில் தலையங்கமா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் அந்நாட்டின் அண்மைச் சரித்திரத்தைச் சிறிது நினைவுகூர்வார்களாக. 1990-ம் வருஷம் யுத்தம் மீண்டும் மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெட்ரோல் போவது தடுக்கப்பட்டது; மின்சாரமும் நின்றது. அன்று முதல் வைத்தியசாலைக்குப் போன நோயாளியும், பள்ளிக்குப் போன பிள்ளையும், சந்தைக்குப் போன காய்கறி மூட்டையும் ஏறிச் சென்றது சைக்கிளிலேதான். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் ரேடியோச் செய்தி கேட்டார்கள். 1995 அக்டோபர் 30-ல் வலிகாமத்து ஜனங்கள் ஒரே இரவில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கொண்டுபோக முடிந்த கொஞ்சத்தையும் சைக்கிளிலேயே கட்டித் தள்ளிக்கொண்டு போனார்கள். 2022-ல் இலங்கை முழுவதும் எண்ணெய்க்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றபோது, மூலையில் கிடந்த வண்டிகளைத் துடைத்து எடுக்காத ஊர் இல்லை. இத்தகைய சாதனத்தை விளையாட்டுச் சாமான் என்று எண்ணுவது நன்றிகெட்ட செயல் என்போம்.

நாம் மேலே கூறிய வளையமே ஒரு காலத்தில் துண்டுபட்டுக் கிடந்தது. 1990 ஆகஸ்டில் வேலணை முதலிய தீவுகளைச் சர்க்கார் சேனை கைப்பற்றியது. பின்னர் காரைநகரும் அவ்வாறே ஆயிற்று. நகரமோ 1995 முடியும் வரை புலிகள் வசம் இருந்தது. ஆகவே பண்ணையும் பொன்னாலையும் இரு படைகளுக்கு இடைப்பட்ட எல்லையாயின. கூப்பிடு தூரத்தில் தெரியும் தீவுக்குச் சொந்த ஊரார் போக வழியில்லை. அன்று கலைந்தவர்களுள் பலர் திரும்பவே இல்லை. கூரையிழந்த கல்வீடுகளையும் பற்றை மூடிய முற்றங்களையும் வேலணைச் சாலையில் இன்னும் காணலாம். மோட்டாரில் விரைபவருக்கு அவை வெறும் இடிந்த சுவர்கள். சைக்கிளில் செல்பவர் வாயிற்படியையும் கிணற்றடியையும் பார்த்தே கடக்கவேண்டியிருக்கிறது.

புறப்படுமுன் காற்றைக் கேட்டறிவது நலம். சோளகம் வீசும் மாதங்களில் தீவகத்தை முதலில் நோக்கிச் சென்றால் எதிர்க்காற்றின் துன்பத்தைக் காலையிலேயே தீர்த்துவிட்டு, திரும்புகையில் அதன் தயவில் வரலாம். வாடைக்காலத்தில் அராலி வழியே தொடங்குவதே புத்திசாலித்தனம். தீவுகளில் நல்ல தண்ணீர் அரிது, போத்தலை நிரப்பிக்கொள்க.

பண்ணையில் இருபுறமும் ஆழங்குறைந்த களப்பு. கம்பு நட்டுக் கட்டிய சிறகு வலைகள். பருவத்தில் மண்டைதீவுப் பக்கம் பூநாரைகள். ஊர்காவற்றுறையை ஐரோப்பியர் யானைத்துறை என்று அழைத்தனர். வன்னியில் பிடித்த யானைகள் அங்கிருந்தே கப்பலேறின. மிதவையிலிருந்து நோக்கினால் நடுக்கடலில் போர்த்துக்கேயர் கட்டி, 1658-ல் ஒல்லாந்தர் பறித்த கோட்டை தெரியும். அது இப்போது கடற்படையார் நடத்தும் விடுதியாகியிருக்கிறது. அதைப் பற்றி நமக்கு உற்சாகம் இல்லை. வட்டுக்கோட்டையில் அவசியம் இறங்கி நிற்கவேண்டும். 1823-ல் அமெரிக்க மிஷனரிமார் அங்கே நிறுவிய செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையே 1857-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகளுள் ஒருவரானார். தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய அம்மகான் கற்ற ஊரைக் காணாமல் சக்கரத்தை உருட்டிச் செல்பவர் சுற்றினாரென்று நாம் ஒப்ப மாட்டோம்.

இனி நமது முறைப்பாட்டுக்கு வருவோம். யுத்தம் முடிந்தபின் சாலைகள் செப்பனிடப்பட்டன. மகிழ்ச்சியே. ஆனால் சாலை மென்மையான அளவுக்கு மோட்டாரின் வேகமும் கூடிற்று. தாம்போதியில் ஒதுங்குவதற்கு நிலம் ஏது? பின்னால் பஸ் ஊதினால் சைக்கிள்காரர் நீரைத்தான் பார்க்கவேண்டும். அவரோ உல்லாசப் பிரயாணி அல்லர். மீன்பெட்டி கட்டிய தொழிலாளி, புத்தகப்பை மாட்டிய மாணவி, கூலிவேலைக்கு நகருக்கு வரும் தீவகத்தார். யாத்திரிகர்களுக்காக அழகுபடுத்துவோம் என்று திட்டம் போடுவோர், நாள்தோறும் மிதிக்கும் இவர்களை மறந்து, பலகையும் பூந்தொட்டியும் வைப்பதோடு நின்றுவிடுவார்களோ என்றே அஞ்சுகிறோம். இவர்களுக்கு வழி செய்தால் யாத்திரிகருக்கும் வழி உண்டாகும், தனித்திட்டம் தேவையில்லை.

வீதி அபிவிருத்தி அதிகார சபையார் பண்ணையிலும் பொன்னாலையிலும் மோட்டார் வேகத்துக்கு வரம்பு கட்டி, அதைப் பொலீசார் மூலம் அமுல் நடத்தவேண்டும். ‘பாதை’ பழுதுற்றால் ஊர்காவற்றுறை மாணவன் காரைநகர் போகத் தீபகற்பத்தையே சுற்றவேண்டும். ஆகையால் மாற்று மிதவை ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருக்கவேண்டும். வேலணை வெளியில் நிழல்மரங்கள் வைப்பதைப் பிரதேச சபைகளே செய்யலாம். இவற்றுள் முதற்காரியம் சாலையோரத்தில் சைக்கிளுக்கென வெள்ளைக் கோடு இழுப்பது. அதற்குப் பெரிய மூலதனமோ கமிஷன் விசாரணையோ வேண்டுவதில்லை. வருகிற சோளகம் கிளம்புமுன் பண்ணையில் அதை முடித்துவிடலாம்.