அறிவுக் கம்பி மலை ஏறட்டும்!

கள்ளக்குறிச்சி நகரத்தில் கருணாபுரம் என்று ஒரு பகுதி இருக்கிறது. 2024 ஜூன் மாதத்துக்கு முன்பு, வெளி மாவட்டங்களில் அந்தப் பெயரைக் கேட்டவர்கள் மிகக் குறைவு.

அந்த மாதம் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் விஷச் சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. அது கண் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும்.

நோயாளிகள் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஆகிய நான்கு ஊர்களில் உள்ள ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள்.

இப்படி ஒரு ஆபத்து வந்தால், நான்கு ஊர் டாக்டர்களும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்தது போலப் பேச வேண்டும். ஒரு ஊரில் எடுத்த படத்தை இன்னொரு ஊர் நிபுணர் அந்த நிமிடமே பார்க்க வேண்டும். இதற்கு ஒரு வழி உண்டு. அதுதான் அறிவு வலை.

அது என்ன வலை?

பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக்கூடம், மருத்துவக் கல்லூரி ஆகியவற்றில் உள்ள கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் வலை அது. தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி நார் வழியாக ஒளி ஓடுகிறது. வேகம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்! எழுத்தும் படமும் பேச்சும் அந்த ஒளியில் ஏறிப் போகின்றன.

"செல்போனில் இன்டர்நெட் வருகிறதே, அது போதாதா?" என்று பலர் கேட்பார்கள்.

போதாது. அது சந்தைக்குப் போகும் பொதுச் சாலை. அதில் சினிமாவும் போகும், வியாபாரமும் போகும். கூட்டம் சேர்ந்தால் வேகம் குறையும். அறிவு வலையோ, படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் என்றே போட்ட தனிப் பாதை.

ஐரோப்பா செய்த வேலை

பிரிட்டன் 1984லேயே 'ஜேனட்' என்ற வலையை அமைத்தது. ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, ஹாலந்து என்று ஒவ்வொரு நாடும் தனக்கு ஒரு வலை பின்னிக்கொண்டது. பிறகு 'ஜியான்ட்' என்ற பெரிய வலை இவற்றை எல்லாம் ஒன்றாக இணைத்தது. சுமார் 10 ஆயிரம் கல்வி நிலையங்களும், 5 கோடிப் பேரும் அதனால் பயன் பெறுகிறார்கள்.

ஐரோப்பாவிலும் எல்லா நாடும் ஒன்று போல இல்லை. சில நாடுகளில் வலை பல்கலைக்கழகத்தோடு நின்றுவிடுகிறது. சுலோவேனியா அப்படி நிறுத்தவில்லை. அது மலைகள் நிறைந்த சின்ன நாடு. மக்கள் தொகை சுமார் 21 லட்சம். அங்கே 'ஆர்னெஸ்' என்ற அறிவு வலை பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் போகிறது.

பக்கத்தில் உள்ள இலங்கையையும் பார்க்கலாம். அங்கே 'லேர்ன்' என்ற வலை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் உட்படப் பல கல்வி நிலையங்களை இணைக்கிறது. 2020ல் கொரோனா வந்து கல்லூரிகள் மூடப்பட்டன. அப்போது மாணவர்கள் கட்டணம் இல்லாமல் வீட்டில் இருந்தே பாடம் கேட்க அந்த வலை உதவியது.

இந்தியாவின் கதை

இந்தியா இதில் பிந்திய நாடு அல்ல. 1986லேயே ஐ.நா. உதவியோடு 'எர்நெட்' வலை தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி. உட்பட 8 நிலையங்கள் அதில் சேர்ந்தன. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்டு 15ந் தேதி. அதாவது, விஞ்ஞானிகளின் வலை 9 ஆண்டு மூத்தது.

2010 மார்ச் மாதம் மத்திய அரசாங்கம் 'தேசிய அறிவு வலை'க்கு 5,990 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் கொடுத்தது. 2023ல் மத்திய அரசு கொடுத்த கணக்குப்படி, அதில் இணைந்த கல்வி நிலையங்கள் 1,787.

நல்ல எண்ணிக்கைதான். ஆனால் 2021-22 கணக்குப்படி, நாட்டில் உள்ள கல்லூரிகள் 45,473! கணக்குப் போட்டுப் பார்த்தால், பந்தியில் எத்தனை பேருக்கு இலை விழுந்தது என்பது தெரியும்.

2025 ஜனவரி முதல் இன்னொரு திட்டமும் நடக்கிறது. உலகத்தின் ஆராய்ச்சிப் பத்திரிகைகளில் சுமார் 13 ஆயிரத்துக்கு அரசாங்கமே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. அரசுக் கல்லூரி மாணவர்கள் அவற்றைக் காசில்லாமல் படிக்கலாம். இது மிக நல்ல காரியம். ஆனால் கம்ப்யூட்டரில் பக்கம் திறக்கவே கால் மணி நேரம் ஆனால், சந்தா கட்டி என்ன லாபம்? விருந்து சமைத்தாகிவிட்டது; பரிமாற ஆள் வேண்டாமா?

கடைமடைக்குத் தண்ணீர்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26ந் தேதி தனி மாவட்டம் ஆனது. 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. மேற்கே கல்வராயன் மலை. மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைத்தும் மரவள்ளி நட்டும் பிழைக்கிறார்கள். சாராயச் சாவுக்குப் பிறகு, 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இந்த மலை மக்களின் நிலைமையை விசாரித்தது. மலை ஊர்களின் குறைகள் அப்போதுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தன.

விவசாயிக்கு ஒரு உண்மை தெரியும். அணையில் தண்ணீர் நிறைந்தால் போதாது. மதகில் பாய்ந்தாலும் போதாது. கடைமடை வயல் நனைந்தால்தான் பாசனம். அறிவு வலைக்கும் அதே நீதிதான்.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி நார் இழுக்கும் திட்டம் இருக்கிறது. பெரும்பாலும் மின்சாரக் கம்பங்கள் வழியாகவே நார் போகிறது. கம்பம் நட்ட ஊருக்கு நாரும் போகலாம். ஊராட்சி அலுவலகம் வரை வந்த நாரைப் பள்ளிக்கூடம் வரை நீட்ட, மலையைக் குடைய வேண்டியது இல்லை. மனம் இருந்தால் போதும்.

சோறு முதலா, கம்பி முதலா?

"ரோடும் பஸ்சும் சரியாக இல்லாத ஊருக்குக் கம்பி எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ரோடு வேண்டும். பஸ் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பில் ஆசிரியர் வேண்டும். ஆசிரியர் இல்லாத அறையில் கம்ப்யூட்டர் ஒரு பொம்மைதான்.

ஆனால் ஒன்று வந்த பிறகுதான் மற்றது என்று வரிசையில் நிறுத்தினால், மலைப் பிள்ளையின் முறை வருவதற்குள் அவனுக்கு நரைத்துவிடும். ரோடு போடும்போதே கம்பியும் போடலாம். இரண்டு முறை பள்ளம் தோண்டும் செலவும் மிச்சம்!

கம்பி கள்ளச்சாராயத்தை ஒழிக்காது. அது போலீசின் வேலை, அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் கம்பி பிள்ளைகளுக்குப் படிப்பைக் கொடுக்கும். படிப்பு வேலையைக் கொடுக்கும். படித்து வேலைக்குப் போகும் பிள்ளை, குடும்பத்தை அந்தப் படுகுழியில் இருந்து தூக்கி நிறுத்தும்.

செய்ய வேண்டியது மூன்று

முதலாவது: மாவட்டத்தில் உள்ள எல்லா அரசுக் கல்லூரிகளுக்கும் அறிவு வலையில் முழு வேக இணைப்பு வேண்டும்.

இரண்டாவது: கல்வராயன் மலையில் உள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் அந்த வலை எட்ட வேண்டும்.

மூன்றாவது: கம்பி அறுந்தால் மறுநாளே ஒட்ட, உள்ளூர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்துச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும். திறப்பு விழா நடந்த பிறகு பூட்டிக் கிடக்கும் அறைகள் நாட்டில் போதுமான அளவு உண்டு.

பெற்றோரும் சும்மா இருக்கக் கூடாது. கிராம சபை கூடும்போது, ரோடு கேட்பது போல, தண்ணீர் கேட்பது போல, "எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வலை வந்ததா?" என்று எழுந்து நின்று கேட்க வேண்டும். கேட்டதைத் தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும். அடுத்த சபையில் அந்தத் தீர்மானம் என்ன ஆனது என்றும் கேட்க வேண்டும்.