பழைய பியட்டும் புதுப் புளுகும்

ஊரை விட்டு வந்து இருபது வருஷம் ஆன நம்ம ஆளுங்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. நெட்டில் ஒரு கிரீம் கலர் பத்மினியோ வெள்ளை அம்பாசிடரோ கண்ணில் பட்டால் போதும், பின்சீட்டில் அஞ்சு பேர் நெருக்கியடித்துக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போனது ஞாபகம் வந்துவிடும். மோசடி விளம்பரம் போடுகிறவன் விற்பது அந்த ஞாபகத்தைத்தான். கார் அவனிடம் இருக்கவே இருக்காது.

ஆசைப்படுவது தப்பில்லை. நானும் பழைய வண்டிப் பிரியன்தான். ஆனால் தினமும் லோன் பேப்பர் புரட்டுகிறவன் என்ற முறையில் என் கட்சி இதுதான்: போட்டோவைப் பார்த்து உருகுவதற்கு முன்னால் வருஷத்தைப் பாருங்கள்.

"1979 கான்டெஸா" என்கிறானா? கான்டெஸா ரோட்டுக்கு வந்ததே 1984-ல்தான். "1968 பத்மினி"யா? பத்மினி என்ற பெயரே 1970-களில் வந்தது, அதற்கு முன் அது பியட் 1100. சிலர் வாய்வழக்கில் அப்படிச் சொல்வதுண்டு, ஆகவே ஆர்.சி.யைக் கேளுங்கள். "1985 அம்பாசிடர், வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் ஆனது" என்றால் சுத்தப் பொய். 2021-ல் மத்திய அரசு போட்ட விதிப்படி, முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டிக்குத்தான் அந்தத் தகுதி. அதிலும் தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போக அனுமதி கிடையாது. போட்டோவில் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தால், எங்கோ வெளிநாட்டில் எடுத்த படம்.

அடுத்தது கதை. "மிலிட்டரியில இருக்கேன் சார், திடீர்னு டிரான்ஸ்பர், அதான் பாதி விலை. ஆர்மி டிரக்லயே அனுப்பிடறேன், டிரான்ஸ்போர்ட் சார்ஜ் மட்டும் முதல்ல போடுங்க." கூடவே ஐடி கார்டு படமும் வரும். ஜவான் என்றதும் நமக்கு வரும் மரியாதையைத்தான் அவன் காசாக்குகிறான். அவன் தமிழிலும் பேசிவிட்டால் போச்சு, இங்கே புனேயில் உட்கார்ந்திருக்கும் நமக்கு மிச்ச சந்தேகமும் கரைந்துவிடும்.

வண்டி கோயம்புத்தூரில் என்றால் அங்கே உங்கள் மச்சானோ சித்தப்பாவோ இருப்பார். ஒரு நடை போகச் சொல்லுங்கள். இரும்பில் அடித்திருக்கும் சேசிஸ் நம்பரும் ஆர்.சி.யில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்கட்டும். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்க வேண்டும். ஆர்.சி.யில் ஹைபோதிகேஷன் இருந்தால், கடன் கொடுத்தவர் கையெழுத்துடன் படிவம் 35 வந்து அது நீங்க வேண்டும். நிஜமான சொந்தக்காரர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

"அஞ்சாயிரம்தானே அட்வான்ஸ், விட்டா வேற ஆள் தூக்கிடுவான்" என்று சிலர் வாதாடுகிறார்கள். தூக்கட்டுமே! நாற்பது வருஷம் நின்ற வண்டி இன்னும் ஒரு வாரம் நிற்காதா? வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு பைசா கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான். அந்த அஞ்சாயிரம் போனதும் "ரீஃபண்ட் தர்றேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பான். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

அப்படி யாருக்காவது போயிருந்தால், வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930-க்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், அவர்கள் வங்கிக்கும் சொல்லச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வழியுண்டு.