நாலு வருஷப் பட்டாளம்

ராமானுஜர் கோபுரமேறி ரகசியத்தை ஊருக்கெல்லாம் சொன்னதாகப் பேசப்படும் திருக்கோஷ்டியூரிலிருந்து, நாமும் ஒரு சங்கதியை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இது வானம் பார்த்த சீமை. கண்மாய் பெருகாவிட்டால் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவதுண்டு. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துக் கடுக்கலூர் ஹவில்தார் பழனி பட்டாளத்தில் 22 வருஷம் உழைத்தவர். புது வீட்டுக்கு 2020 ஜூனில் பால் காய்ச்சினார்கள். எல்லையிலிருந்த அவர் வரவில்லை. அதே ஜூன் 15-ல் கல்வானில் மாண்ட 20 பேரில் அவரும் ஒருவர். 2021-ல் வீர் சக்ரா அறிவித்தார்கள். மனைவிக்கும் இரு குழந்தைகளுக்கும் அந்த வீட்டை எழுப்பித் தந்தது எது? நிரந்தரச் சம்பளம்!

அந்த நிரந்தரத்துக்குத்தான் 2022 ஜூன் 14-ல் வேட்டு வைத்தார்கள். அக்னிபாத் திட்டத்தில் வேலை 4 வருஷம். பிறகு நூற்றுக்கு 25 பேர் வரைதான் நீடிப்பார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் ரூபாய். அதிலும் கிட்டத்தட்டப் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணம்! பென்ஷனும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிதா? 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலப் பெயர் சூட்டி, மூன்று வருஷம் பெண்பிள்ளைகளைப் பிழிந்து, கடைசியில் ஒரு தொகை தருவதாகச் சொன்ன முதலாளிமார் வித்தைதானே! சர்க்காரே அதைக் கற்றுக்கொண்டது.

இருபத்திரண்டு வயதில் பெட்டியோடு திரும்பும் பிள்ளை எதை நம்பிக் கடகால் தோண்டுவான்?