அஞ்சு நிமிஷ மானப் பிரச்னை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு ரங்கநாதன் தெருவில் காலை ஊன்ற இடம் கிடையாது. ஆனால் இரண்டரை வயசுப் பையன் ஒருத்தன் பலூனுக்காகத் தரையில் விழுந்து புரள ஆரம்பித்தால், சுற்றி நாலடிக்கு எப்படியோ இடம் கிடைத்துவிடும். நடுவில் பையன். பக்கத்தில் இரண்டு கையிலும் கட்டைப்பையோடு அப்பா. சுற்றிலும், மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து வந்து கொண்டே இருக்கும் பொதுமக்கள்.

யோசனைகள் இலவசமாக வரும்.

"பாவம், என்னத்தக் கேக்கறது குழந்தை? வாங்கிக் குடுத்துடுங்களேன்!" - இது ஒரு மாமி.

"இப்பவே ரெண்டு போடணும் சார். இல்லேன்னா தலைமேல ஏறிடும்!" - இது ஒரு பெரியவர்.

பலூன்காரர் மட்டும் எதுவும் பேசமாட்டார். பலூனை ஒரு தடவை 'கீச்'சென்று தேய்த்துவிட்டு, ரெண்டடி தள்ளி நிற்பார். அவருக்கு அனுபவம் உண்டு.

அப்பாவுக்கு அந்த நேரத்தில் பையன் ஞாபகமே இருக்காது. நாலு பேர் பார்க்கிறார்கள், அதில் ஒருத்தர் ஆபீஸ்காரராக இருந்து தொலைத்தால் என்ன செய்வது என்பதுதான் கவலை. விளைவு, முதுகில் ஒன்று. அல்லது கையில் பலூன். பல சமயம் முதலில் அடி, அப்புறம் பலூன்.

ரொம்பப் பழைய பிரச்னை இது. சீர்காழிக் கோயில் குளக்கரையில் மூன்று வயசுப் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுக் குளத்தில் மூழ்கினார் சிவபாத இருதயர். அப்பாவைக் காணோம் என்றதும் பிள்ளை அழுதது. உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. கரையேறிய அப்பா என்ன செய்தார்? பிள்ளையின் வாயில் பாலைப் பார்த்ததும், யார் கொடுத்தது என்று குச்சியை ஓங்கினார்! பின்னாளில் மயிலாப்பூரில் பூம்பாவையை உயிர்ப்பித்த ஞானசம்பந்தருக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டு வாண்டு எம்மாத்திரம்?

அமெரிக்காவில் இதையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றரை வயசிலிருந்து ஐந்து வயசு வரை 335 குழந்தைகள் பிடித்த அடத்தைப் பெற்றோர்களிடம் கேட்டுக் கணக்குப் போட்டார்கள். 2003-ல் முடிவு வெளிவந்தது. நாலில் மூன்று அடம் அஞ்சு நிமிஷத்துக்குள் ஓய்ந்துவிடுகிறதாம். கோபம் ஆரம்பத்திலேயே உச்சத்துக்குப் போய் இறங்கிவிடும். கடைசியில் மிஞ்சுவது வெறும் அழுகை. முதல் அரை நிமிஷத்திலேயே தரையில் விழுந்துவிட்டால், சீக்கிரம் முடியும் என்று அர்த்தமாம். ஆக, ரங்கநாதன் தெருவில் பையன் விழுந்தால் அது நல்ல சகுனம்!

அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு வயசில் ஆசை முழுசாக வந்துவிடும். வார்த்தைதான் பாதி வந்திருக்கும். மத்தியானம் தூங்க வேண்டியவனைக் கடை கடையாக இழுத்துக்கொண்டு போயிருப்போம். நமக்குத்தான் தி.நகரில் புடவை தெரிகிறது. அவன் உயரத்துக்கு முழங்காலும் கட்டைப்பையும்தான் தெரியும்.

சரி, என்ன செய்வது? உச்சத்தில் இருக்கும்போது உபதேசம் வேண்டாம், காதில் ஏறாது. யார் காலிலும் மிதிபடாமல் ஓரமாகத் தூக்கிக்கொண்டு போங்கள். பாண்டிபஜார் என்றால் 2019-ல் போட்ட அகல நடைபாதை இருக்கிறது. ரங்கநாதன் தெருவில் ஏதாவது ஒரு கடையின் வாசற்படிதான் கதி. பக்கத்தில் சும்மா உட்காருங்கள். கத்தல் அழுகையாக மாறும்போது கையை நீட்டினால், தானே வந்து ஒட்டிக்கொள்வான்.

பலூன் வாங்குவதாக இருந்தால் அவன் கத்துவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். கத்தலுக்குப் பயந்து வாங்கும் பலூன் நம் கணக்கில் செலவு. அவன் கணக்கில் முதலீடு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வட்டியோடு வசூல் பண்ணுவான். அடித்தாலோ, வாயை மூடுவான், வாஸ்தவம். ஆனால் கோபம் வந்தால் கை நீட்டலாம் என்பதைத்தான் கற்றுக்கொண்டிருப்பான்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு உங்கள் முகம் அடுத்த கடை வாசல் வரைதான் ஞாபகம் இருக்கும். அந்த மாமியையும் பெரியவரையும் நீங்களும் இன்னொரு தடவை பார்க்கப் போவதில்லை. உங்கள் சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, தோளிலேயே தூங்கிப் போகிறானே, அவனோடுதான் வீட்டுக்குப் போயாக வேண்டும்.